கட்டைவிரல் போதும்: ஹேண்டில்பாரிலிருந்தே ரேடியோவை இயக்குவது

லோத்குண்டாவில் குடியிருந்து செகந்திராபாத் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ராஜீவ் ரஹதாரியை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. லால் பஜார், திருமலகிரி சந்திப்பு, கார்கானா, ஜூபிலி பஸ் ஸ்டேஷன் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போக வேண்டிய சாலை. பஸ், லாரி, பள்ளி வேன், ராணுவ வண்டி எல்லாம் அதிலேதான். அந்த நெரிசலில் ரேடியோ நல்ல துணை. ஆனால் ஸ்டேஷன் மாற்றுவதற்காக ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தாலோ, பார்வையைத் திரையில் போட்டாலோ அதே ரேடியோ ஆபத்தாகிவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 22 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள்.

கண்ணைச் சாலையிலிருந்தும், உள்ளங்கையைப் பிடியிலிருந்தும் எடுக்காமல், இடது கட்டைவிரலால் மட்டும் ரேடியோவை இயக்கப் பழகுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. வண்டி ஓடும்போது செய்யக்கூடியவை மூன்றே மூன்று: ஒலியைக் கூட்டுவது அல்லது குறைப்பது, அடுத்த ஸ்டேஷனுக்குப் போவது, மியூட் போடுவது. மற்றதெல்லாம் ஸ்டாண்ட் போட்ட பிறகுதான்.

உங்கள் வண்டி எந்த ரகம்?

நம் ஊரில் ஓடும் வண்டிகளை இந்த விஷயத்தில் மூன்றாகப் பிரிக்கலாம். உங்களுடையது எது என்று பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் ரகம், ரேடியோ உள்ளேயே பொருத்தி வரும் பெரிய டூரிங் வண்டிகள். ஹோண்டா கோல்டு விங், ஹார்லி டேவிட்சனின் ஸ்ட்ரீட் கிளைடு, ரோடு கிளைடு போன்றவை. இவற்றில் ட்யூனர், ஸ்பீக்கர், ஆன்டெனா எல்லாம் கம்பெனியிலேயே வந்துவிடும். பட்டன்கள் ஹேண்டில்பாரில் இருக்கும். 2014-க்கு முந்தைய ஹார்லி டூரிங் வண்டிகளில் ஒலியளவு இடது கையில், ஸ்டேஷன் மாற்றுவது வலது கையில். 2014 முதல் இரு பக்கமும் விரலால் நாலு திசையிலும் தள்ளி, நடுவில் அழுத்தக்கூடிய சின்ன ஜாய்ஸ்டிக் வந்தது. இந்த ரக வண்டி வாங்குகிறவர்கள் குறைவு. கோல்டு விங் விலைக்கு எங்கள் பக்கம் வீட்டுக்கே முன்பணம் கட்டிவிடலாம். ஆனாலும் பழைய வண்டியை இறக்குமதியாளரிடமிருந்து வாங்கியவர்கள் கீழே வரும் ‘பிராந்தியம்’ பற்றிய பகுதியை அவசியம் படியுங்கள்.

இரண்டாம் ரகம், ரேடியோ இல்லாமல், போனில் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் திரை உள்ள வண்டிகள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, கேடிஎம் 390 டியூக், ஹோண்டா ஹைனெஸ் சிபி350-யின் உயர்வகை ஆகியவை இதில் சேரும். ரேடியோ சத்தம் போனிலிருந்து ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ப்ளூடூத் செட்டுக்குப் போகும். வண்டியின் பட்டன் போனுக்கு உத்தரவு கொடுக்கும்.

மூன்றாம் ரகம், நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது: ஸ்ப்ளெண்டர், பல்சர், ஷைன், கிளாசிக் 350. வண்டியில் எதுவும் கிடையாது. ஹேண்டில்பாரில் ஒரு சின்ன ப்ளூடூத் ரிமோட்டை மாட்டிக்கொண்டால் முதல் இரண்டு ரகத்துக்கு உள்ள வசதி வந்துவிடும். செலவும் குறைவு. அதனால் இந்த அத்தியாயத்தில் இதற்குத்தான் அதிக இடம்.

ஸ்டாண்ட் போட்ட நிலையில் முடிக்க வேண்டியவை

1. பிராந்தியத்தைச் சரிபாருங்கள். இந்தியாவில் எஃப்எம் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவுக்குச் செய்த ரேடியோ 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவலில் நகரும். கடைசி இலக்கம் எப்போதும் ஒற்றைப்படையாகவே வரும். அதில் ரேடியோ சிட்டி 91.1, பிக் 92.7, ரெட் 93.5, மிர்ச்சி 98.3, ஆல் இந்தியா ரேடியோவின் ரெயின்போ 101.9 எல்லாம் கிடைக்கும். விவித் பாரதி 102.8 மட்டும் கிடைக்காது; 102.7-க்கும் 102.9-க்கும் நடுவே மாட்டிக்கொண்டு கரகரக்கும். ஆன்டெனா கெட்டுவிட்டதென்று மெக்கானிக் அதைக் கழற்ற ஆரம்பித்தால் தடுத்து, முதலில் அமைப்பில் பிராந்தியத்தை ஐரோப்பா அல்லது சர்வதேசம் என்று மாற்றிப் பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய செட்டில் எஃப்எம் 76-ல் தொடங்கி 90-ல் முடிந்துவிடும். ஹைதராபாத்தின் ஸ்டேஷன்கள் அதில் வராது. அதற்கு அமைப்பை மாற்றிப் பயனில்லை; செட்டையே மாற்ற வேண்டும்.

2. மீடியம் வேவ் கேட்கிற பழக்கம் இருந்தால் அதன் தாவலையும் பாருங்கள். நமக்கு 9 கிலோஹெர்ட்ஸ், அமெரிக்க செட்டில் 10. ஆல் இந்தியா ரேடியோ ஹைதராபாத்தின் 738, 10-இன் தாவலில் 740 ஆகத்தான் வரும். கேட்கும், ஆனால் குரல் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

3. ஸ்டேஷன்களை முன்பதிவு செய்யுங்கள். பிடித்த வரிசையில் வைக்காமல் எண் வரிசையில், சிறியதிலிருந்து பெரியதாக வையுங்கள். விரலை வலப்பக்கம் தள்ளினால் எண் கூடும், இடப்பக்கம் தள்ளினால் குறையும் என்பது மனசில் பதிந்துவிட்டால் திரையைப் பார்க்கத் தேவையே இருக்காது. ஆறு ஸ்டேஷனுக்கு மேல் வைக்காதீர்கள். பன்னிரண்டு வைத்தால் எதில் நிற்கிறோம் என்று தெரியாமல் தலை தானாகக் குனியும்.

4. ‘சீக்’ என்கிற தானியங்கித் தேடலை ஓட்டும்போது பயன்படுத்தாதீர்கள். அது எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நின்றால் கண் திரைக்குப் போகும். முன்பதிவு செய்த ஸ்டேஷனுக்குத் தாவும்படி பட்டனை அமைத்துக்கொள்ளுங்கள்.

5. வண்டியில் வேகத்துக்கேற்ப ஒலி தானாகக் கூடும் வசதி இருந்தால் அதைக் குறைந்த நிலையில் வையுங்கள். உயர்ந்த நிலையில் வைத்தால் ஷாமீர்பேட்டை பக்கம் வேகம் எடுக்கும்போது ஒலியும் சேர்ந்து எகிறும். பின்னால் வரும் லாரியின் ஹார்ன் அதில் அமுங்கிவிடும்.

6. தொடக்க ஒலியளவைச் சோதியுங்கள். சாவியைத் திருப்பியதும் நேற்று இரவு நெடுஞ்சாலையில் வைத்த அளவிலேயே ரேடியோ அலறினால், அதிர்ச்சியில் கை பிடியை முறுக்கிவிடும். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் அக்கம்பக்கத்தாரும் சும்மா இருக்கமாட்டார்கள்.

கண்ணை மூடிப் பழகுங்கள்

இடது கட்டைவிரலுக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. ஹார்ன், இண்டிகேட்டர், டிப்பர், சில வண்டிகளில் பாஸ் லைட். ஹைதராபாத் நெரிசலில் ஹார்னுக்கே விரல் ஓயாது. அதோடு ரேடியோவும் சேரும்போது முதல் வாரம் ஹார்ன் அடிக்கப் போய் ஒலியைக் கூட்டுவீர்கள், ஸ்டேஷன் மாற்றப் போய் இண்டிகேட்டரைப் போடுவீர்கள். இரண்டாவது தவறுதான் அபாயமானது. பின்னால் வருகிறவர் நீங்கள் திரும்பப் போவதாக நினைத்து இன்னொரு பக்கம் ஏறுவார்.

ஹோண்டாவின் சில மாடல்களில் ஹார்ன் மேலேயும் இண்டிகேட்டர் கீழேயும் இருக்கும். மற்ற பெரும்பாலான வண்டிகளில் இதற்கு நேர்மாறு. வீட்டில் இரண்டு வண்டி இருந்து, மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகப் பழக வேண்டும்.

பயிற்சி இப்படி:

1. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவி மட்டும் ஆனில் வைத்து உட்காருங்கள். நீங்கள் ஓட்டும்போது போடும் அதே கிளவுஸைப் போடுங்கள்.

2. கட்டைவிரலுக்கு ஒரு ‘வீடு’ முடிவு செய்யுங்கள். ஹார்ன் பட்டனுக்குப் பக்கத்தில், அதை அழுத்தாமல் தொட்டுக்கொண்டிருக்கும் இடம்தான் சரி. ஒவ்வொரு வேலை முடிந்ததும் விரல் அங்கே திரும்ப வேண்டும்.

3. கண்ணை மூடிக்கொண்டு வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: “ஹார்ன், வீடு. ஒலி கூட்டு, வீடு. அடுத்த ஸ்டேஷன், வீடு. இண்டிகேட்டர் இடது, ரத்து, வீடு.” சிரிப்பாகத்தான் இருக்கும். பேத்தி வந்து வேடிக்கை பார்த்தால் அவளையே கட்டளை சொல்லச் சொல்லுங்கள். எது வரும் என்று தெரியாமல் செய்வதுதான் நல்ல பயிற்சி.

4. கிளட்சைப் பிடித்துக்கொண்டு இதையே மறுபடி செய்யுங்கள். நான்கு விரலும் கிளட்சில் இருக்கும்போது கட்டைவிரல் எட்டும் தூரம் குறைவதைக் கவனியுங்கள். அதனால்தான் கியர் மாற்றும்போது ரேடியோவைத் தொடக் கூடாது.

5. எல்லாம் தடுமாறாமல் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி குறைவாக உள்ள உள்சாலையில் முதல் ஓட்டம்.

குறிப்பு: ஒலி கூட்டும் பட்டனும் ஹார்னும் விரலுக்கு ஒரே மாதிரித் தட்டுப்பட்டால், ஒலி பட்டனில் ஒரு சின்னத் துண்டு நுரை டேப்பை ஒட்டுங்கள். விரல் அந்தச் சொரசொரப்பை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும்.

வலது கையில் ரேடியோ பட்டன் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வலது கட்டைவிரலை மேலே நீட்டினால் மணிக்கட்டும் கூடவே அசையும். ஆக்சிலேட்டர் கொஞ்சம் திறக்கும் அல்லது மூடும். முன் பிரேக்கும் அதே கையில்தான். எனவே வலது பக்கப் பட்டனை, முன்னால் வண்டி இல்லாத நேர்ச் சாலையில் மட்டும் தொடுங்கள்.

சாதாரண வண்டியில் ரிமோட் மாட்டுவது

கடைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக முடிவு செய்யுங்கள்: ரிமோட் யாரிடம் பேச வேண்டும்? சந்தையில் கிடைக்கும் பொதுவான ப்ளூடூத் ரிமோட் போனிடம் பேசும். போனில் ஓடும் பாட்டையும் இணைய ரேடியோவையும் அது கட்டுப்படுத்தும். ஹெல்மெட் செட்டின் உள்ளேயே இருக்கும் எஃப்எம் ட்யூனரை அது தொடாது. அந்த ட்யூனரை இயக்க வேண்டுமென்றால் அந்த ஹெல்மெட் செட்டைச் செய்த கம்பெனியின் ரிமோட்தான் வேண்டும். அது செட்டோடு நேரடியாக இணையும். கடைக்காரர் “எல்லாத்துக்கும் செட் ஆகும்” என்பார். உங்கள் ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப்போய், அங்கேயே இணைத்து, ஸ்டேஷன் மாறுகிறதா என்று பார்த்துப் பணம் கொடுங்கள். வண்டிச் சாமான்களுக்கு ராணிகஞ்ச், எலக்ட்ரானிக் சாமான்களுக்குக் கோட்டியின் குஜராத்தி கல்லி என்று இரண்டு இடமும் நம் பக்கத்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

தேவையானவை: ரிமோட், அதற்கான கிளாம்ப், உபரியாக ஒரு சிஆர்2032 பட்டன் செல், ஆலன் கீ, பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் பட்டை, ஸ்பிரிட் நனைத்த துணி.

1. ஹேண்டில்பாரின் குறுக்களவைப் பாருங்கள். நம் வண்டிகளில் பெரும்பாலும் பிடிப்பக்கம் 22 மில்லிமீட்டர். ஹார்லியில் ஒரு அங்குலம், அதாவது 25.4. கிளாம்ப் பெரிதாக இருந்தால் ட்யூப் ரப்பரைச் சுற்றி இறுக்கலாம். சிறிதாக இருந்தால் வம்படியாகத் திணிக்காதீர்கள், பிளாஸ்டிக் விரிந்து நடுவழியில் கழன்றுவிடும்.

2. இடம் தேர்ந்தெடுங்கள். இடது சுவிட்ச் பாக்ஸுக்கு உட்புறம், விரல் எட்டும் தூரம். உள்ளங்கை பிடியை விட்டு எழாமல் கட்டைவிரல் ரிமோட்டின் நடுப்பட்டனைத் தொட வேண்டும். எட்டவில்லையென்றால் அந்த இடம் சரியில்லை. எட்டும்படி கையை நகர்த்திப் பிடித்துப் பழகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

3. ஆக்சிலேட்டர் பக்கம் எதையும் மாட்டாதீர்கள். கிளாம்ப் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து ட்விஸ்ட் கிரிப்பில் உரசினால் ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் நின்றுவிடும். இந்த அத்தியாயத்தில் உயிர்ப் பிரச்சினையாகக்கூடிய தவறு இதுதான்.

4. பார் பகுதியை ஸ்பிரிட் துணியால் துடைத்து, ரப்பர் சுற்றி, கிளாம்பைப் போட்டு, ரிமோட்டின் முகம் உங்களை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும்படி இறுக்குங்கள்.

5. கிளட்ச் லிவரை முழுக்கப் பிடித்துப் பாருங்கள். விரலோ லிவரோ ரிமோட்டில் படக் கூடாது. ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்புங்கள். டேங்கில் இடிக்கக் கூடாது, கிளட்ச் கேபிள் இழுபடக் கூடாது.

6. இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் ஹெல்மெட் செட்டைப் போனோடு இணையுங்கள். பாட்டு ஹெல்மெட்டில் கேட்ட பிறகு ரிமோட்டை இணையுங்கள். வீட்டில் டிவி, இயர்பட்ஸ், காரின் ஸ்டீரியோ எல்லாம் அதே போனோடு ஏற்கெனவே இணைந்திருந்தால் அவற்றை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

7. ஆண்ட்ராய்டு போனில் ரிமோட்டை இணைத்ததும் திரையில் விசைப்பலகை வராமல் போவது உண்டு. வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்ய முடியாமல் போன் கெட்டுவிட்டது என்று ஓடாதீர்கள். போன் அந்த ரிமோட்டை வெளியிலிருந்து வந்த விசைப்பலகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அமைப்பில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய், திரை விசைப்பலகையையும் காட்டும்படி தேர்வு செய்தால் சரியாகிவிடும்.

8. எஞ்சினை ஓடவிட்டு, கிளவுஸ் போட்டு, எல்லாப் பட்டனையும் ஒருமுறை சோதியுங்கள். பிறகு பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த ரிமோட் தூங்கிவிடும். முதல் அழுத்தல் அதை எழுப்ப மட்டுமே. இது தெரியாதவர்கள் ‘வேலை செய்யவில்லை’ என்று நாலைந்து தடவை அழுத்துவார்கள். ரிமோட் விழித்ததும் ஒலி எக்கச்சக்கமாக ஏறிவிடும். ஒரு முறை அழுத்துங்கள், ஒரு மூச்சு விடுங்கள், பிறகு அழுத்துங்கள்.

குறிப்பு: நீளமாக அழுத்தினால் பல போன்களில் குரல் உதவியாளர் விழித்துக்கொள்ளும், சில செட்டில் கடைசியாகப் பேசியவருக்கு அழைப்பே போய்விடும். எது நடக்கிறது என்று நின்ற நிலையில் தெரிந்துகொண்டு, வேண்டாததை அமைப்பில் அணையுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில்: பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். பழைய செல்லை மேஜை மேல் போடாதீர்கள். டேப் சுற்றித் தனியாக வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போங்கள்; வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

ஹேண்டில்பாரில் கட்டும் ஸ்பீக்கர் செட்

எஃப்எம், பென் டிரைவ், இரண்டு ஸ்பீக்கர், கூடவே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி என்று விற்கும் 12 வோல்ட் செட்களைப் பற்றிக் கேட்பீர்கள். நான் பரிந்துரைப்பதில்லை. வேகத்தில் காற்று சத்தத்தைத் தின்றுவிடும். நின்றால் தெருவுக்கே கேட்கும். குடியிருப்புப் பகுதிக்கு ஒலி மாசு விதிகள், 2000 வைத்த வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் ஆகலாம். திருமலகிரி வழியாகப் போகிறவர்கள் ராணுவ மருத்துவமனையை மனதில் வையுங்கள்.

பிடிவாதமாக மாட்டியே தீருவேன் என்றால் நாலு விஷயம். “ஹெட்லைட் வயர் நுஞ்சே இச்சேத்தாம் அன்னா” என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹெட்லைட் வயரிலிருந்தும் ஹார்ன் வயரிலிருந்தும் இழுக்கக் கூடாது. சாவி ஆனில் இருக்கும்போது மட்டும் மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து ரிலே வழியாக, செட்டின் தேவைக்கேற்ற தனி ஃபியூஸோடு எடுக்கச் சொல்லுங்கள். வயரை ஹேண்டில் முழுதும் திரும்பும் அளவு தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். கடைசியாக, எஞ்சின் ஓடாமல் பாட்டுப் போடாதீர்கள்: 20 வாட் செட் முழுச் சத்தத்தில் 12 வோல்ட்டில் சுமார் 1.7 ஆம்பியர் இழுக்கும். 3 ஏஹெச் பேட்டரி உள்ள சின்ன வண்டியில் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி. கம்பெனி அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும், வாரண்டியும் கேள்விக்குறியாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சாலையில்

1. லோத்குண்டா தெருவுக்குள்ளேயே, ரஹதாரியில் ஏறுமுன், ஸ்டேஷனையும் ஒலியையும் முடிவு செய்துவிடுங்கள்.

2. பட்டனைத் தொட மூன்று நிபந்தனை: வண்டி நேராகப் போக வேண்டும், ஆக்சிலேட்டர் ஒரே நிலையில் இருக்க வேண்டும், கிளட்சில் விரல் இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பாட்டு பிடிக்காவிட்டால் பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

3. சந்திப்பு, யூ-டர்ன், ஸ்பீட் பிரேக்கர், பஸ் நிற்கும் இடம் ஆகியவற்றுக்கு முன்பே மியூட். லால் பஜார், திருமலகிரி சந்திப்புகளில் எந்தப் பக்கத்திலிருந்து யார் வருவார்கள் என்பதைக் கண்ணைவிடக் காது முன்பே சொல்லிவிடும். இந்தப் பாதைக்கு மேலே வரவிருக்கும் மேம்பாலச் சாலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வேலை நடக்கும் இடங்களில் தடுப்புகள் இடம் மாறும். நேற்றைய பழக்கத்தில் இன்று ஓட்ட முடியாது, ரேடியோவை அங்கே மறந்துவிடுங்கள்.

4. ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் முதலில் மியூட், பிறகுதான் கண்ணாடி.

5. ஒரு வேலைக்கு ஒரே ஒரு தொடல். ஒலி போதவில்லையா? விரல் வீட்டுக்கு வரட்டும், சாலையைப் பாருங்கள், பிறகு இன்னொரு தொடல்.

ஹெல்மெட்டுக்குள் இருப்பது காதை அடைக்காத தட்டையான ஸ்பீக்கராக இருக்கட்டும். காதுக்குள் செருகும் இயர்போன் வெளிச்சத்தத்தை மறைத்துவிடும். போக்குவரத்துப் போலீசார் கண்ணிலும் படும். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுப்பது 2019 திருத்தத்துக்குப் பின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல். முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, சிறையோ. ஸ்டேஷன் மாற்றப் போனை எடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

தமிழ் கேட்க வேண்டுமானால்

ஹைதராபாத் எஃப்எம்மில் தெலுங்கும் இந்தியும்தான். கன்டோன்மென்ட் பக்கம் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிப்போன குறை. போனில் பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் சென்னையின் ரெயின்போவையும் மற்றத் தமிழ் நிலையங்களையும் நேரலையாகக் கேட்கலாம். ஹேண்டில்பார் பட்டனைப் பொறுத்தவரை மூன்று வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

நேரலையில் ‘அடுத்தது’ பட்டன் பாட்டை மாற்றாது. செயலியைப் பொறுத்து வேறு நிலையத்துக்குத் தாவும், அல்லது ஒன்றுமே செய்யாது. எனவே ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மியூட்டுக்குப் பதில் இடைநிறுத்தம் போட்டால் மறுபடி தொடங்க நேரம் பிடிக்கும். ஒலியைக் குறைப்பதே மேல். சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுபோனால் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், தானாக வரும்.

கோளாறு வந்தால்

எஞ்சினை முறுக்கும்போது கரகரப்பும் கூடினால் தீப்பொறிதான் காரணம். ரெசிஸ்டர் வகை ஸ்பார்க் பிளக் போடச் சொல்லுங்கள். பல கம்பெனிகளின் எண்ணில் ஆர் என்ற எழுத்து அதைக் குறிக்கும்.

எஞ்சினோடு சம்பந்தமில்லாமல் ஒரே சீராக இரைந்தால் யூஎஸ்பி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பிறகு கூடுதலாக மாட்டிய எல்இடி விளக்கை அணைத்துப் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. நல்ல சார்ஜர் மாற்றினால் போதும், ரேடியோவைப் பிரிக்க வேண்டாம்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஸ்டேஷன் இரைகிறதா? கோளாறே இல்லை. எஃப்எம் அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதும் இடத்தில் நிற்கிறீர்கள். வண்டி ஒரு மீட்டர் முன்னே போனால் தெளிவாகிவிடும். ஷாமீர்பேட்டை தாண்டிக் கரீம்நகர் நோக்கிப் போகப் போக ஹைதராபாத் ஸ்டேஷன்கள் மெலிவதும் இயல்பு. அதற்காக ஓடும் வண்டியில் தேடாதீர்கள்; தேநீர் குடிக்க நிற்கும் இடத்தில் புதிதாக முன்பதிவு செய்யுங்கள்.

பட்டனை அழுத்தினால் இரண்டு முறை வேலை செய்கிறது, அல்லது அழுத்தாமலே ஒலி ஏறுகிறது என்றால் சுவிட்ச் பாக்ஸில் ஈரம். மழைக்காலத்திலும் வாட்டர் வாஷுக்குப் பிறகும் வரும். வாஷ் செய்கிற பையனிடம் சுவிட்ச் பாக்ஸ் மேல் பீச்ச வேண்டாம் என்று முன்பே சொல்லி, ஒரு பாலிதீன் உறையைக் கட்டிவிடுங்கள். நனைந்துவிட்டால் நிழலில் காயவிட்டு, கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை மெல்லிய குழாய் வழியாக அளவாக அடியுங்கள். சுவிட்சுக்குள் செயின் லூப் அடிக்கக் கூடாது. தூசியைப் பிடித்துவைத்துப் பட்டனையே ஒட்டிவிடும்.

ரிமோட்டின் விளக்கு மங்கினாலோ, அழுத்தி அரை நொடி கழித்து வேலை நடந்தாலோ பட்டன் செல் தீர்கிறது. மாற்றும்போது பின்மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். அது கொஞ்சம் பிதுங்கியிருந்தாலும் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். வண்டியைச் சர்வீசுக்கு விடும் நாளில் ரிமோட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கிளாம்ப் மட்டும் வண்டியில் இருக்கட்டும், திரும்ப மாட்டும்போது இடம் மாறாது.